சோதனைக் குழாய் யார் கையில்?
அறிவியல் வகுப்பில் சமவாய்ப்பும் ஊர்ப் பங்கேற்பும்

பல்கலைக்கழக அறிவியல் துறைகளில் இன்று மூன்று சொற்கள் அடிக்கடி பேசப்படுகின்றன: சமவாய்ப்பு, உள்ளடக்கம், சமூகப் பங்கேற்பு. யாருக்கு இடம் கிடைக்கிறது? கிடைத்தவர் அங்கே தயக்கமின்றி இருக்க முடிகிறதா? துறையில் உருவாகும் அறிவு சுற்றியுள்ள மக்களைச் சென்று சேர்கிறதா? இவையே அந்தச் சொற்களுக்குப் பின்னால் உள்ள கேள்விகள்.

இது உயர்கல்வியின் கவலை, நமக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. 2022-இல் 'நான் முதல்வன்', 'புதுமைப் பெண்', 2024-இல் 'தமிழ்ப் புதல்வன்' ஆகிய திட்டங்கள் தொடங்கப்பட்டன. கல்லூரி வாசல் வரை நம் பிள்ளைகளைக் கொண்டு சேர்க்கும் வழிகள் முன்பைவிட இப்போது அதிகம்.

வாசலைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. ஆய்வக மேசையில் கருவியைத் தொட்டு வேலை செய்வது யார், பக்கத்தில் நின்று குறிப்பு எழுதுவது யார், சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்பது யார் என்பதெல்லாம் பதினெட்டு வயதில் திடீரென்று முடிவாவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அந்தப் பழக்கம் படியத் தொடங்குகிறது. ஆகவே பல்கலைக்கழகத் துறையின் சமவாய்ப்பு நம் வகுப்பு மேசையில் தொடங்குகிறது என்பதே இந்தக் கட்டுரையின் மையக் கருத்து. அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதை, செம்பரம்பாக்கத்தில் எங்கள் வகுப்பில் செய்து வருவதை வைத்துப் பகிர்ந்துகொள்கிறேன்.

சென்னையின் இரண்டு பழைய பாடங்கள்

முதல் பாடம் கிண்டி பொறியியல் கல்லூரியில் இருந்து. 1940-இல் அங்கே மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கையில் ஒரு பெண் குழந்தை. அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதால் அனுமதி கேட்க வழி இருந்தது. அனுமதியும் கிடைத்தது. ஆனால் ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் அவர் தனியாக இருந்தார். அதனால் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டு லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்கள் என்று இன்று நாம் பெருமையுடன் குறிப்பிடுவது இவர்களைத்தான். இதில் நான் குறித்துக்கொள்வது ஒன்று: ஒருவருக்கு இடம் கொடுத்ததோடு கல்லூரி நிற்கவில்லை. அவருக்குத் துணை இல்லை என்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது.

இரண்டாவது பாடம் அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் மாணிக்கம், வைரம் ஆகியவற்றின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்தார். 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற விதியைக் காட்டி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆய்வின் தரத்தில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. பின்னர் அவர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகள் பற்றிப் பயின்றார். 1948-இல் நாடு திரும்பிப் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி உள்ளிட்ட நூறுக்கு நெருங்கிய கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழிவகுத்தார். விதி எல்லோருக்கும் பொதுவானதாகத் தெரிந்தாலும், அதனால் வெளியே நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். இது அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி.

அண்மைக்கு வந்தால், ஐ.ஐ.டி.களில் மாணவிகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால் 2018 முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. அந்த ஆண்டு 14 சதவீதம், 2020-க்குள் 20 சதவீதம் என்று இலக்கு வைக்கப்பட்டது. லலிதா கிண்டியில் சேர்ந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்தும் இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

நம் வகுப்பில் யார் இருக்கிறார்கள்?

செம்பரம்பாக்கம் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை என்று அமைந்த ஊர். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் விடியற்காலையில் இருந்தே ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் மாணவர்களின் பெற்றோரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உண்டு. கட்டட வேலை செய்பவர்கள், விவசாயக் கூலிகள், ஏரியில் மீன் பிடிப்பவர்கள், வீட்டு வேலைக்குச் செல்பவர்கள் உண்டு. வட மாநிலங்களில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகளும் படிக்கிறார்கள். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளும் அதே வகுப்பில் அமர்கிறார்கள். பலர் தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாக எட்டாம் வகுப்பைத் தாண்டுபவர்கள்.

இத்தகைய வகுப்பில் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு முகவையும் ஒரு சோதனைக் குழாயும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எல்லா அறிவியல் ஆசிரியர்களுக்கும் தெரியும். துடிப்பான ஒருவர் கருவியை எடுத்துக்கொள்வார். இன்னொருவர் அவருக்கு உதவுவார். கையெழுத்து அழகாக உள்ள மாணவி குறிப்பு எழுதுவார். மீதி மூவர் எட்டிப் பார்ப்பார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை, சண்டையும் இல்லை. பாடவேளை அமைதியாக முடிந்துவிடும். அமைதியாக முடிவதால்தான் இது நம் கண்ணில் படுவதில்லை.

முதல் படி: கைக்கணக்கு

இதைக் கண்ணில் படும்படி செய்வதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வகுப்பின் பெயர்ப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, அருகில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: கருவியைத் தொட்டார், அளவெடுத்தார், கேள்வி கேட்டார், குழு சார்பில் பேசினார். மூன்று செய்முறை வகுப்புகளில், நிகழும்போதெல்லாம் ஒரு கோடு இடுங்கள். உடன் பணிபுரியும் ஆசிரியரோ பயிற்சி ஆசிரியரோ அமர்ந்து குறித்தால் இன்னும் நல்லது.

கோடுகள் எங்கே குவிந்திருக்கின்றன, யார் பெயருக்கு நேரே நான்கு கட்டங்களும் காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். மாணவிகள், பின் வரிசைக்காரர்கள், தமிழைப் புதிதாகக் கற்கும் குழந்தைகள், அடிக்கடி விடுப்பு எடுப்பவர்கள், மாற்றுத்திறன் குழந்தைகள் என்று பிரித்துப் பார்த்தால் படம் தெளிவாகும். இந்தத் தாளை மாணவர்களிடம் காட்ட வேண்டியதில்லை. யாரையும் குறை சொல்லவும் தேவையில்லை. இது நம் திட்டமிடலுக்கான கருவி மட்டுமே.

இரண்டாம் படி: சுழலும் பொறுப்புகள்

குழுவில் ஐந்து பொறுப்புகளை வைத்துக்கொள்கிறோம். கருவியாளர் கருவியை இயக்குவார். அளவர் அளவெடுப்பார். பதிவர் எழுதுவார். கேள்வியாளர் 'இது ஏன் இப்படி?' என்று குறைந்தது இரண்டு கேள்விகளை எழுப்புவார். காப்பாளர் கண்ணாடி, தீ, அமிலம் ஆகியவற்றில் பாதுகாப்பைக் கவனிப்பார். ஆறாவது ஆள் இருந்தால் அளவெடுப்பது இருமுறை நடக்கும். இரண்டு அளவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே நல்ல அறிவியல்.

அட்டையில் எழுதிய பொறுப்புகள் ஒவ்வொரு செய்முறைக்கும் மாறும். இதில் மூன்று விதிகள் முக்கியம். முதலாவது, கருவியாளர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்லலாம். கருவியைப் பிடுங்கக் கூடாது. இரண்டாவது, எழுதும் வேலையை ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை செய்யக் கூடாது. மூன்றாவது, செய்முறை முடிந்ததும் யாரை வேண்டுமானாலும் எழுப்பி 'உங்கள் குழுவுக்கு என்ன கிடைத்தது?' என்று கேட்பேன். ஆகவே தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பதும் இதன் பகுதியே. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன; வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணும் நேரம். செலவில்லாத மாற்றம் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'மெல்லக் கற்போர்' என்று சிலரைப் பிரித்து எளிய வேலை மட்டும் கொடுப்பது நம்மிடம் உள்ள வழக்கம். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் அதிக அளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970-களின் பிற்பகுதியில் அதன் காரணத்தைத் தேடினார். அந்த மாணவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் தனித்தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ வகுப்புக்குப் பின் கூடி உட்கார்ந்து, ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்துப் படித்தார்கள். ட்ரீஸ்மன் எளிய கணக்குகளைக் கொடுக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார வைத்தார். தேர்ச்சி நன்றாக உயர்ந்தது. பின்தங்கிய மாணவருக்குத் தேவை சுலபமான வேலை அல்ல. நல்ல வேலையும் கூட்டாளிகளும் என்பதற்கு இது சான்று.

மூன்றாம் படி: கருவியைக் குழந்தைக்கு ஏற்றபடி மாற்றுதல்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கற்கும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. ஒரே அறையில் அமர்வது அதன் தொடக்கம் மட்டுமே. செய்முறையில் அந்தக் குழந்தையின் கை இருக்க வேண்டும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் அளவுசாடியில் நீர்மட்டத்தைப் பார்க்க முடியாது. அதற்கு ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு போதும். உள்ளே தள்ளும் தண்டில் ஒவ்வொரு 5 மில்லிலிட்டருக்கும் ஒரு சிறு வெட்டு போட்டுவிட்டால், விரல் நகத்தால் தடவி அளவைத் துல்லியமாகச் சொல்லிவிடுவார். அளவுகோலில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நூலைச் சுற்றி ஒட்டலாம். மின்சுற்றுப் பாடத்தில் விளக்குடன் ஒரு மணியையும் இணைத்தால் சுற்று மூடியதை அவர் காதால் அறிவார். செவித்திறன் குறைந்த மாணவருக்கு அதே விளக்கு போதும். அவரிடம் பேசும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் முகம் பார்த்துப் பேச வேண்டும். செய்முறையின் படிகளைப் படமாக வரைந்து மேசையில் வைத்தால் அவருக்கும், தமிழ் வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கும் ஒருசேரப் பயன்படும்.

மொழி விஷயத்திலும் இதே அணுகுமுறைதான். கருவிகளின் பெயர்ப் பட்டியலைத் தமிழில் எழுதி, வகுப்பில் உள்ள பிற மொழிக் குழந்தைகளிடம் அவர்கள் மொழியில் என்ன சொல்வார்கள் என்று கேட்டுத் தமிழ் எழுத்திலேயே அருகில் எழுதுகிறோம். தராசு தெலுங்கில் 'த்ராசு', இந்தியில் 'தராஜு' என்று வந்தபோது வகுப்பே வியந்தது. புதிதாகச் சேர்ந்த குழந்தை முதலில் தன் மொழியில் சொல்லட்டும், பிறகு தமிழில் சொல்லட்டும். பட்டியல் சுவரில் ஏறிய நாளில் இருந்து அந்தக் குழந்தை வகுப்புக்கு ஒன்றைத் தந்தவர் ஆகிறார்.

நான்காம் படி: பெற்றோர் வல்லுநராக வருதல்

சமூகப் பங்கேற்பு என்றதும் நன்கொடை, ஆண்டுவிழா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஆகியவை நினைவுக்கு வரும். அவை தேவைதான். ஆனால் ஊர் மக்களிடம் பணத்தையும் உழைப்பையும் தவிர அறிவும் இருக்கிறது. நம் பாடநூலில் உள்ள பல கருத்துகள் அவர்களுக்கு அன்றாட வேலை.

கொத்தனார் ஒருவரைக் கேளுங்கள். தூக்குக்குண்டு கட்டிச் சுவரின் நேரைப் பார்ப்பார். அது புவியீர்ப்பின் திசை. ஒளிபுகும் நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி, முப்பது அடி தூரத்தில் உள்ள இரண்டு தூண்களுக்கு ஒரே மட்டத்தில் குறி வைப்பார். அது திரவ அழுத்தப் பாடம். ரசமட்டத்தில் ஓடும் காற்றுக் குமிழி அடர்த்தியைப் பற்றிப் பேச ஒரு நல்ல தொடக்கம். எங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு மாணவரின் தந்தை இதைச் செய்து காட்டினார். வகுப்பறையின் இரண்டு சன்னல்களும் ஒரே மட்டத்தில் இல்லை என்று கண்டுபிடித்த மாணவர்களின் மகிழ்ச்சி ஒரு வாரம் ஓயவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அளவீடு பாடம். வெர்னியர் அளவியைக் காட்டி மீச்சிற்றளவை விளக்கிக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாத மாணவி ஒருத்தி மெதுவாக, "இதே மாதிரிதான் எங்க அம்மா கம்பெனியில வெச்சிருக்காங்க டீச்சர்" என்றாள். வாகன உதிரி பாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் அவர் வேலை செய்கிறார். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்தார். "நான் பத்தாவதுகூட முடிக்கல டீச்சர், நான் என்ன பேசுறது?" என்று தயங்கினார். பேச வேண்டாம், கம்பெனியில் செய்வதை இங்கே செய்து காட்டுங்கள் என்றேன். அவர் முதலில் செய்தது, தாடைகளை ஒட்ட மூடிச் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்த்தது. எந்த மாணவரும் கேட்காமல் செய்யாத வேலை அது. எங்கள் அளவி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். அவர் பயன்படுத்துவது 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். அளவு சிறிது தப்பினால் அந்தப் பாகம் என்ன ஆகும், வண்டிக்கு என்ன ஆகும் என்று அவர் சொன்னபோது, துல்லியம் என்ற சொல்லுக்கு வகுப்பில் பொருள் கிடைத்தது. அன்று குழுவின் அளவர் பொறுப்பை அந்த மாணவி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 'உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?' என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி சில குழந்தைகளைத் தலைகுனிய வைக்கும். வேலையோடு சாதியைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்துக்கும் இடம் கொடுக்கும். 'உங்கள் வீட்டில் யாருக்காவது அளக்க, கணிக்க, பழுது பார்க்கத் தெரியுமா?' என்று எழுத்தில் கேட்பது நல்லது. கூலி வேலைக்குச் செல்பவருக்கு ஒரு நாள் பள்ளிக்கு வருவது ஒரு நாள் சம்பள இழப்பு. ஆகவே அவருக்கு வசதியான நாளையும் நேரத்தையும் அவரிடமே கேட்டு வைக்க வேண்டும். வந்தவரை 'வல்லுநர்' என்றே அறிமுகப்படுத்த வேண்டும். நாற்காலி கொடுத்து அமர வைக்க வேண்டும்.

ஒரு மாதிரிச் செயல்திட்டம்: ஏரி நம் ஆய்வகம்

மேலே சொன்ன நான்கு படிகளும் ஒன்றுசேரும் நான்கு வாரச் செயல்திட்டம் இது. உங்கள் ஊரில் ஏரி, குளம், ஆறு, கண்மாய் எது இருந்தாலும் பொருந்தும்.

முதல் வாரம், மழைமானி. நேரான பக்கங்கள் உள்ள பெரிய பிளாஸ்டிக் குடுவையின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல்போல் பொருத்த வேண்டும். அடியில் கூழாங்கற்கள் போட்டு, வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழிக் கோடு இட வேண்டும். மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். வாயும் உடலும் ஒரே விட்டம் என்பதால் நேரடியாக மில்லிமீட்டரில் படிக்கலாம். கூழாங்கல்லும் தண்ணீரும் இல்லாத இன்னொரு குடுவையை வைத்தால், சேர்ந்த மழைநீரை வெட்டுப் போட்ட சிரிஞ்சால் உறிஞ்சி அளக்கலாம். விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் 1 மில்லிமீட்டர் மழைக்கு 7.85 மில்லிலிட்டர் நீர் சேரும். வானிலைத் துறை தினமும் காலை 8.30 மணிக்கு மழையளவை எடுக்கிறது. நாம் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் எடுக்கலாம். நேரம் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும். அன்னா மணியை அறிமுகப்படுத்த இதுவே தக்க தருணம்.

இரண்டாம் வாரம், கணக்கு. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். பள்ளி மாடியின் பரப்பு 200 சதுர மீட்டர் என்றால், 10 மில்லிமீட்டர் மழையில் 2,000 லிட்டர். அங்கிருந்து ஏரிக்குச் செல்லலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. ஒரு மில்லியன் கனஅடி ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். ஆக, நிரம்பிய ஏரியில் சுமார் 10,300 கோடி லிட்டர் நீர். இங்குள்ள நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். ஆவியாதலையும் புதிய நீர்வரத்தையும் விட்டுவிட்டால், ஏரி எத்தனை நாள் தாங்கும்? சுமார் 195 நாள் என்று மாணவர்களே வகுத்துச் சொல்லட்டும்.

மூன்றாம் வாரம், ஊரின் நினைவு. 2015 டிசம்பர் 1 அன்று ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையில் பெரும் சேதம் ஏற்பட்டது. விநாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். அதே வேகத்தில் சென்றால், நீர்வரத்து இல்லாத நிலையில், நிரம்பிய ஏரி சுமார் 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். இப்போது படிக்கும் குழந்தைகளுக்கு அந்த இரவு நினைவில் இல்லை, பெற்றோருக்கு இருக்கிறது. வீட்டில் பெரியவர்களிடம் தண்ணீர் எங்கே வரை வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பாதையில் ஓடியது, ஏரி முன்பு எப்படி நிரம்பியது என்று கேட்டு எழுதி வர வேண்டும். மீன் பிடிப்பவர் சொல்வதும் பாசனத்துக்கு நீர் பெற்ற விவசாயி சொல்வதும் வேறுபடலாம். இரண்டையும் பதிவு செய்து, எதை அளந்து உறுதிப்படுத்தலாம் என்று வகுப்பில் பேச வேண்டும். வேறு மாநிலத்தில் இருந்து வந்த குழந்தை தன் ஊர் ஆற்றைப் பற்றி எழுதலாம்.

நான்காம் வாரம், ஊருக்குத் திரும்பச் சொல்லுதல். மழையளவு வரைபடம், கணக்குகள், பெரியவர்களின் வாய்மொழிப் பதிவுகள் ஆகியவற்றைத் தாளில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று வாயிலில் வைக்க வேண்டும். விளக்கிப் பேசும் வேலை, கைக்கணக்கில் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு முதலில். ஒருவாரம் முன்பே சொல்லிப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் நன்றாகவே பேசுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: மாணவர்களை நீரின் ஓரத்துக்கோ மதகுப் பகுதிக்கோ அழைத்துச் செல்ல வேண்டாம். தேவையெனில் நீர்வளத் துறையின் அனுமதியும் போதிய ஆசிரியர் துணையும் இருக்க வேண்டும். இந்தச் செயல்திட்டம் முழுவதையும் பள்ளி வளாகத்திலேயே செய்ய முடியும்.

பல்கலைக்கழகத்திடம் நாம் கேட்கக்கூடியது

2022 முதல் நடுநிலை வகுப்புகளுக்கு வானவில் மன்றம் வழியாகக் கருத்தாளர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். 1993 முதல் நடைபெறும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு உள்ளூர்ச் சிக்கலை ஆராயக் குழந்தைகளை அழைக்கிறது. மேற்சொன்ன ஏரித் திட்டத்தை அங்கே கொண்டுசெல்லலாம். அருகில் உள்ள கல்லூரி, பல்கலைக்கழக அறிவியல் துறைகளையும் நாம் அணுகலாம். பொதுவாக அங்கே ஒருநாள் சுற்றிப் பார்த்துத் திரும்புவதோடு தொடர்பு முடிந்துவிடுகிறது. அதைவிடக் குறிப்பாக மூன்றைக் கேட்கலாம்.

ஒன்று, வரும் ஒவ்வொரு குழந்தையும் அங்கே ஒரு கருவியில் ஒரு அளவாவது தன் கையால் எடுக்க வேண்டும். இரண்டு, விளக்கிச் சொல்பவர்களில் ஒருவராவது அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவராக இருக்க வேண்டும். மாணவியாக இருந்தால் இன்னும் சிறப்பு. மூன்று, நம் மாணவர்கள் எடுத்த மழையளவைப் பார்த்து அதில் உள்ள பிழைகளையும் பயனையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு துறைப் பேராசிரியர் தம் பதிவேட்டைப் படித்திருக்கிறார் என்று தெரிந்தால் குழந்தைகள் அடுத்த மாதமும் அளப்பார்கள். நம் பள்ளியில் படித்துக் கல்லூரி முதலாண்டில் இருப்பவர்களையும் அழைத்துப் பேச வைக்கலாம். விடுதி, ஆங்கிலப் பாடநூல், ஆய்வகத்தில் ஏற்பட்ட தயக்கம் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் சொல்வதை நாம் சொல்ல முடியாது.

பருவ இறுதியில்

மூன்று வகுப்புகளில் மறுபடி கைக்கணக்கு எடுங்கள். காலியாக இருந்த கட்டங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதே நம் மதிப்பீடு. வளரறி மதிப்பீட்டில் செய்முறைக்கான மதிப்பெண்ணை முடிவுக்கு மட்டும் கொடுக்காமல், ஏற்ற பொறுப்பு, கேட்ட கேள்வி, குழுவில் பிறருக்குச் செய்த உதவி ஆகியவற்றுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கும் பெயர்களை அடுத்த பருவத்தின் முதல் செய்முறையில் கருவியாளராக எழுதி வையுங்கள்.

நம் வகுப்பில் இருந்து சிலர் ஒருநாள் கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழைவார்கள். சுற்றிலும் வசதியான பள்ளிகளில் படித்து வந்தவர்கள் இருப்பார்கள். அன்று அந்த மாணவி மேசையை விட்டு ஒதுங்கி நிற்கக் கூடாது. கருவியைக் கையில் எடுத்து, முதலில் சுழிப்பிழை பார்க்க வேண்டும். அதற்கான பயிற்சியைத் தரும் இடம் நம் வகுப்பறைதான். வரும் வாரச் செய்முறை வகுப்பிலேயே பெயர்ப் பட்டியலையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.